கடலுக்குள் போன லாடம்

எங்கள் பட்டறை வாசல் நிலையில் ஒரு குதிரை லாடம் தொங்குகிறது. தென்காசியில் கடை வாசலில் லாடம் தொங்குவது அதிசயமில்லை. கண் திருஷ்டி படக் கூடாது என்று பலரும் மாட்டியிருப்பார்கள். ஆனால் எங்கள் லாடம் கடலுக்கு அடியில் கிடந்துவிட்டு வந்தது. மேலெல்லாம் செந்துரு ஏறிக் கிடக்கும். வீட்டுக்கு இரும்புக் கேட் அடிக்கச் சொல்லி வருகிறவர்கள், "அண்ணாச்சி, புதுசா ஒண்ணு மாட்டக் கூடாதா?" என்பார்கள். நான் சிரித்துக்கொண்டே வேலையைப் பார்ப்பேன்.

என் பிள்ளைகள் இருவரும் இந்தக் கதையை வகுப்பில் சொன்னார்களாம். மற்ற பிள்ளைகள் நம்பவில்லையாம். "அப்பா, நீங்களே எழுதித் தாங்க" என்று வந்து நின்றார்கள். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன், கேட்டும் கிரில்லும் செய்கிறவன். எழுதி வழக்கமில்லை. முதலில் என் மனைவியிடம் கேட்டேன், ஏனென்றால் இதில் அவள் சங்கதியும் வருகிறது. "எழுதுங்க. நான் செஞ்சதை மறைக்காண்டாம். ஆனா நல்லபடியா முடிஞ்சதுன்னு முதல்லயே சொல்லிருங்க, பிள்ளைய பயந்துராம" என்றாள்.

சொல்லிவிடுகிறேன். நல்லபடியாக முடிந்தது.

என் தங்கைக்குக் கடலை அளக்கிற வேலை. ஆழத்தை அளப்பது என்று நினைத்துவிடாதீர்கள். கரையோரத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, என்ன வேகத்தில் ஓடுகிறது, ஓடும்போது எவ்வளவு மணலை அள்ளிக்கொண்டு போகிறது என்று அளப்பது. கரையில் நிற்கிற நமக்கு அலை வருவதும் போவதும்தான் தெரியும். அந்த அலைக்கு அடியில், கரையை ஒட்டியே ஆறு மாதிரி ஓர் ஓட்டம் உண்டு. கடற்கரைக்காரர்கள் அதை நீவாடு என்பார்கள்.

திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு மீனவ ஊர். படகு போய்வருகிற வாயில் மணல் வந்து மேடு கட்டிவிடுகிறது, படகு தரை தட்டுகிறது. மணலைத் தடுப்பதற்குக் கடலுக்குள் பாறாங்கல்லைக் கொட்டி ஒரு சுவர் கட்ட வேண்டும். தூண்டில் முள் மாதிரி வளைந்திருப்பதால் அதற்குத் தூண்டில் வளைவு என்று பெயர். அதை ஊருக்கு வடக்கே கட்டுவதா, தெற்கே கட்டுவதா? மணல் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் கட்ட வேண்டும். பக்கம் மாறிப்போனால் போட்ட கல்லே மணலைச் சேர்த்து வைத்துப் படகு வாயை அடைத்துவிடும். அந்தப் பக்கத்தைச் சொல்லும் பொறுப்பு என் தங்கைக்கு வந்தது. அவள் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை அது. அவளுடையது நிரந்தர வேலையும் இல்லை. இதைச் சரியாக முடித்தால்தான் அடுத்த வருடமும் வைத்துக்கொள்வார்கள்.

அளக்கிற கருவி ஒரு சின்னக் குடத்தின் அளவுதான் இருக்கும். கடல் தரையில் மேலே பார்த்து உட்கார்ந்துகொண்டு ஒலியை அனுப்பும். நம் காதுக்குக் கேட்காத ஒலி. தண்ணீரில் மிதந்து போகிற தூசியிலும் மணல் பொடியிலும் பட்டு அது திரும்பி வரும். ஆலங்குளம் ரோட்டில் நிற்கும்போது கவனித்திருக்கிறீர்களா? எதிரே வருகிற பஸ்ஸின் ஹாரன் கீச்சென்று கேட்கும். நம்மைத் தாண்டியதும் அதே ஹாரன் தணிந்து கேட்கும். கருவி செய்வதும் அதுதான். திரும்பி வருகிற ஒலி ஏறியிருக்கிறதா தணிந்திருக்கிறதா என்று பார்த்து, தண்ணீர் வருகிறதா போகிறதா என்று கண்டுபிடிக்கும். ஒலி பலமாகத் திரும்பினால் தண்ணீரில் மண் அதிகம் என்று அர்த்தம்.

சரி, கடலுக்கடியில் அந்தக் கருவி எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று யார் போய்ப் பார்ப்பது? அதற்காக அதன் வயிற்றுக்குள் ஒரு திசைகாட்டி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் காந்தமுள் பார்த்திருப்பீர்கள், அந்த இனம். பக்கத்தில் இரும்பு வந்தால் அது ஏமாந்துபோகும். அதனால் கருவியைத் தாங்குகிற சட்டத்தில் இரும்பே இருக்கக் கூடாது.

"அண்ணே, முக்காலி மாதிரி ஒரு சட்டம் வேணும். நடுவுல ஒரு வளையம். ஒரு பொட்டு இரும்பு இருக்கக் கூடாது" என்றாள் தங்கை.

"இரும்புப் பட்டறைக்கு வந்து இரும்பு வேண்டாங்கியே. மாவு இல்லாம இட்லி கேப்பியா?"

"மாவு இல்லாம இட்லி எங்க அண்ணன்ட்டதான் கேக்க முடியும்."

அப்படிச் சொன்ன பிறகு செய்யாமல் இருக்க முடியுமா? எவர்சில்வர் குழாய் வாங்கி அடித்தேன். எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டுகிற ரகம் உண்டு, ஒட்டாத ரகம் உண்டு. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குழாய், போல்ட், நட்டு என்று ஒவ்வொன்றையும் தங்கை தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பாரத்துக்குக் காலடியில் ஈயக்கட்டி கட்டினோம். கருவி உரசாமல் இருக்க, லாரி டியூபை வெட்டி இரண்டாக மடித்து வளையத்துக்குள் பட்டையாக வைப்பது என்று முடிவாயிற்று. மடிப்பைத் தைக்கிற வேலையை என் மனைவி வாங்கிக்கொண்டாள். கோணி ஊசியும் நைலான் நூலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது தங்கை ஒரு பேச்சுக்குச் சொன்னாள். "போன தடவை வேற ஒருத்தரு இறக்குன கருவி வரவே இல்ல மதினி. எந்த இழுவலை வாரிட்டுப் போச்சோ. அந்த மனுசன் கரையில உக்காந்து அழுதாராம்."

என் மனைவி பாதியில் கையைக் கழுவிவிட்டாள். வயிறு சரியில்லை போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கச்சான் காற்று நன்றாக அடிக்கிற மாதத்தில் சட்டத்தைக் கடலில் இறக்கினோம். நமக்குக் குற்றாலத்தில் சாரலைத் தூவிவிட்டுப் போகிற அதே மேல்காற்றுதான், ஈரமெல்லாம் வடிந்து, அங்கே வெறும் மண்ணாக வாரி முகத்தில் அடிக்கிறது. நானும் படகில் போனேன். போனேன் என்பது பெருமைக்கு. பாதி தூரத்திலேயே படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன்.

"அண்ணே, ஐந்தருவில முட்டி மோதி நிக்க ஆளு, இந்த ஆட்டத்துக்கே கவுந்துட்டியே" என்றாள் தங்கை.

"அருவி ஆடாது, தாயி. நான்தான் ஆடுவேன்" என்றேன். சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்தேன்.

முங்குகிறவர்கள் சட்டத்தைத் தரையில் நேராக உட்காரவைத்துவிட்டு வந்தார்கள். ஒரு மாதம்போல அது அங்கேயே கிடந்தது. பிறகு ஒரு நாள் போன் வந்தது. "அண்ணே, வந்துருச்சு! முழுசா வந்துருச்சு!" என்று கத்தினாள். இங்கே என் மனைவி சாமி படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டதைப் பார்த்தேன். நாத்தனார் மேல் இவ்வளவு பாசமா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

சட்டம் மட்டும் டெம்போவில் எங்கள் பட்டறைக்கு வந்தது. தூக்கும்போது ஒரு கால் லேசாக வளைந்துவிட்டது, அதை நிமிர்த்த வேண்டும். காலெல்லாம் சிப்பி ஒட்டியிருந்தது. பிள்ளைகள் உளி வைத்துச் சுரண்டினார்கள். "வளையத்தைத் தொடாதீங்க, அத்தை வந்து பாக்கட்டும்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். ஏதோ தோன்றிச் சொன்னதுதான். ஆனால் எங்களைக் காப்பாற்றியது அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை வந்தாள். கையில் கருவிப் பெட்டி. முகத்தில் களையே இல்லை.

"என்னட்டி, ஏன் இப்படி இருக்க?"

"தண்ணி கரையேறிட்டுண்ணே."

"என்னது?"

"கருவி காட்டுத கணக்குப்படி, தண்ணி கரையோரமா ஓடல. நேரா கரையைப் பாத்து வருது. மணலை ஏறி, ரோட்டைத் தாண்டி, செம்மண் தேரிக்காட்டுக்குள்ள போவுது. மாசம் பூரா அப்படித்தான் போயிருக்கு. விட்டா தென்காசிக்கே வந்துரும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஆபீசில் பெரியவர் சொல்லிவிட்டாராம், திசையை நம்ப முடியாவிட்டால் வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது, அத்தனையையும் தள்ளிவிட வேண்டியதுதான் என்று. கச்சான் காலமும் முடிந்துகொண்டிருந்தது. இந்தக் காற்றில் அளப்பதென்றால் இனி அடுத்த வருடம்தான். "அதுவரைக்கும் கல்லு போடுதவங்க காத்திருக்க மாட்டாங்கண்ணே. ஏதாவது ஒரு பக்கத்துல போட்டுருவாங்க. எனக்கு வேலை போறது இருக்கட்டும், அந்த ஊருக்காரங்க என்ன செய்வாங்க?"

கருவியைத் தனியாக வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டாளாம். அது திசையைச் சரியாகத்தான் காட்டுகிறது. அப்படியானால் கோளாறு சட்டத்தில்தான். பையிலிருந்து ஒரு சின்னத் திசைகாட்டியை எடுத்தாள். சட்டத்தின் கால்களை ஒட்டிக் கொண்டுபோனாள். முள் அசையவில்லை. வளையத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். முள் கிறுகிறுவென்று திரும்பிற்று. நான் அந்த ஸ்பீக்கர் காந்தத்தைத் தேடி எடுத்து டியூப் மடிப்பின் மேல் வைத்தேன். வைக்கக்கூட இல்லை, டப்பென்று அதுவே போய் ஒட்டிக்கொண்டது.

தங்கை என்னைப் பார்த்தாள்.

"என்னைப் பாக்காதட்டி. பிள்ளைய மேல சத்தியமா எல்லாம் எவர்சில்வர்தான்."

அப்போது என் மனைவி காப்பி டம்ளர்களோடு பட்டறை வாசலில் நின்றிருந்தாள். அவள் எங்களைப் பார்க்கவில்லை. மேலே நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். அங்கே ஆணி மட்டும் இருந்தது. எத்தனை நாளாக லாடம் இல்லாமல் வெறும் ஆணியின் கீழே நடந்து போய்க்கொண்டிருந்திருக்கிறேன்!

"நான்தான் வச்சேன்" என்றாள்.

"ஏளா, எதை?"

"லாடத்தை. அது வலையில மாட்டாம திரும்பி வரணுமேன்னு, டியூபு மடிப்புக்குள்ள வச்சுத் தச்சேன்."

"இரும்பு கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாளே. காதுல விழலையா?"

"விழுந்துச்சு. நீங்க பைப்பு, போல்ட்டைச் சொல்லுதீங்கன்னுல்லா நெனச்சேன். லாடம் சாமி சங்கதி. அது எப்படி இரும்புக் கணக்குல வரும்?"

யோசித்துப் பார்த்தால் நானும் அந்த லாடத்தை ஒரு நாளும் இரும்பாக நினைத்ததில்லை. நாள் முழுக்க இரும்போடு கிடக்கிறவன், பழைய இரும்பை எடைக்குப் போடும்போது ஆணியைக்கூட விடுவதில்லை, அதை மட்டும் தொட்டதில்லை. இருந்தாலும் அந்த நேரத்தில் கோபம் வந்துவிட்டது. கத்தியை எடுத்துக்கொண்டு மடிப்பை அறுக்கப் போனேன்.

"தொடாதண்ணே!"

தங்கை போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் என்னை விட்டுவிட்டு மதினியிடம் போனாள்.

"மதினி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தச்ச பொறவு நடுவுல பிரிச்சீங்களா?"

"இல்ல."

"எடம் மாத்தி வச்சீங்களா?"

"இல்லட்டி. அன்னைக்குத் தச்ச தையல்தான். பாரு, என் முடிச்சு அப்படியே இருக்கு."

தங்கை தையலைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. "அப்ப மாசம் பூரா ஒரே பொய்யைத்தான் சொல்லிருக்கு. என்ன பொய்யின்னு கண்டுபிடிச்சுரலாம்."

இதைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். வீட்டுக் கடிகாரம் எப்போதும் ஒரே அளவு முந்திப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தப்பான கடிகாரம்தான். ஆனால் எவ்வளவு முந்துகிறது என்று தெரிந்துவிட்டால், கழித்துவிட்டு நேரத்துக்கு பஸ்ஸைப் பிடித்துவிடலாம். இங்கே ஒரு சிக்கல், கருவி பார்க்கிற பக்கத்துக்குத் தக்கபடி தப்பின் அளவு மாறும். அதனால் லாடத்தை எடுக்காமலே கருவியைச் சட்டத்தில் பூட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முழுச் சுற்றுத் திருப்பி, நிஜமான திசை எது, அது சொல்கிற திசை எது என்று ஒவ்வொரு இடத்திலும் பார்க்க வேண்டும். கடலில் சொன்ன அதே திசையை எந்த இடத்தில் சொல்கிறதோ, அங்கே உள்ள நிஜத் திசையைப் பார்த்துத்தான் கடலுக்குள்ளும் உட்கார்ந்திருந்தது என்று தெரிந்துவிடும்.

பட்டறையில் செய்ய முடியாது, சுற்றி எல்லாம் இரும்பு. மொட்டை மாடியிலும் முடியாது, கான்கிரீட்டுக்குள் கம்பி. குற்றாலம் போகிற பக்கம் ஒரு வயல் இருந்தது. ரிட்டயரான போலீஸ்காரர் ஒருவருடையது. ஊரில் எல்லாரும் அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிடுவார்கள். கார் நெல் அறுத்து வயல் வெறுமனே கிடந்தது. அங்கே நின்றால் ஒரு பக்கம் தென்காசிக் கோபுரம் தெரியும், எதிர்ப்பக்கம் மலை. கோபுரம் எந்தத் திசையில் இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொண்டால், அதை வைத்து மற்றத் திசைகளைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

டெம்போவை ரோட்டிலேயே நிறுத்திவிட்டுச் சட்டத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தோம். போன், சாவி, என் பெல்ட்டு எல்லாம் டெம்போவிலேயே. ஏட்டையா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்னடே இது, குண்டா?"

"கடலை அளக்க சாமான், ஏட்டையா."

"கடலு அந்தப் பக்கம்லா இருக்கு. என் வயலை எதுக்கு அளக்கீங்க?"

தங்கை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்தேன். என் மனைவி வரப்பில் உட்கார்ந்து, தாலிச் சங்கிலியில் கோத்துப் போட்டிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். சேலை ஊக்கு, கொண்டை ஊசி எல்லாம் ஏற்கனவே வரப்பில் குவிந்திருந்தன. கடைசியில் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதுவுமா?" என்று மெல்லக் கேட்டாள்.

"தங்கத்துல காந்தம் ஒட்டாது மதினி. அது கெடக்கட்டும்" என்றாள் தங்கை. காலையிலிருந்து அவள் மதினியிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான், அந்தத் தையலைப் பற்றிக் கேட்டது போக.

சட்டத்தை ஒரு மரப்பலகை மேல் வைத்தோம். தங்கை நீளமான வயரின் மறுமுனையில் லேப்டாப்போடு தள்ளி உட்கார்ந்துகொண்டாள். நானும் மனைவியும் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு திருப்பினோம். "நில்லுங்க!" என்பாள். நிற்போம். "திருப்புங்க!" என்பாள். திருப்புவோம். பாதிச் சுற்றுக்கு வரும்போது மலையிலிருந்து சாரல் இறங்கிவிட்டது. ஏட்டையா நல்ல மனசோடு குடையை விரித்துக்கொண்டு எங்களை நோக்கி ஓடி வந்தார்.

"வராதீங்க!" என்று மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினோம். குடைக்கம்பி இரும்பில்லையா?

மனிதர் திருடனைப் பார்த்த மாதிரி அப்படியே நின்றுவிட்டார். "சர்வீசுல இருந்தப்போகூட என்னை இப்படி யாரும் வெரட்டுனதில்லடே" என்றார். பிறகு தங்கைக்கும் லேப்டாப்புக்கும் குடை பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார். நாங்கள் இரண்டு பேரும் நனைந்துகொண்டே மீதிச் சுற்றைத் திருப்பினோம்.

சுற்று முடிந்தது. தங்கை கணக்குப் போட ஆரம்பித்தாள். என் மனைவி அவள் அருகே போகவில்லை. தள்ளி நின்று, வரப்பிலிருந்து எடுத்த ஊக்குகளை ஈர முந்தானையில் முடிந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "என்னாலதானே" என்று ஒருமுறை முனகினாள். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "பொறு, பாப்போம்" என்றேன்.

"மதினி, இங்கன வாங்க."

போனாள். நானும் பின்னாலேயே போனேன். லேப்டாப்பில் கரையின் படம். காலையில் ஊருக்குள் பாய்ந்துகொண்டிருந்த அம்புகளெல்லாம் இப்போது மடங்கித் திரும்பி, கரை கிடக்கிற சாய்வுக்கு அப்படியே ஒத்து, தெற்கேயிருந்து வடக்கே வரிசையாக ஓடின.

"தண்ணி கடலுக்கே திரும்பிருச்சு மதினி."

என் மனைவிக்கு அம்பும் படமும் புரிந்திருக்காது. ஆனால் தங்கையின் குரல் புரிந்துவிட்டது. அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். தங்கையும் அழுதாள். ஏட்டையா குடையை யாருக்குப் பிடிப்பது என்று தெரியாமல் எனக்குப் பிடித்தார். நனைந்த சட்டையோடு அந்த வயலில் நின்றபோது, நெஞ்சில் வைத்திருந்த பாறையை யாரோ எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

ஆபீசில் பெரியவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. லாடத்தோடேயே எல்லாவற்றையும் தம் கண் முன்னால் இன்னொரு தடவை செய்யச் சொன்னார். அவர் கேட்டதும் நியாயம்தான். செய்து காட்டினாள். அதே விடை வந்தது. கச்சான் காலத்தில் மணல் தெற்கேயிருந்து வருகிறது என்று எழுதி அனுப்பினார்கள். சட்டத்தில் ஓர் இரும்புத் துண்டு இருந்தது, அதன் தப்பு கழிக்கப்பட்டது என்றும் அதில் எழுதியிருந்தாளாம். தங்கையின் வேலையும் நிலைத்தது. மறு காற்றையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் கல் போட வேண்டும் என்று, வாடைக் காலத்துக்கும் அவளையே அளக்கச் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம்தான் தையலைப் பிரித்து லாடத்தை எடுத்து ஆணியில் மாட்டினோம். புதிதாக ஒன்று வாங்கலாம் என்றேன். என் மனைவி விடவில்லை. "என்ன சொன்னாலும், வலையில மாட்டாம கூட்டிட்டு வந்துச்சுல்லா?" என்றாள்.

"கூட்டிட்டு வந்துச்சு மதினி, வழியைத்தான் மாத்திச் சொல்லிருச்சு" என்றாள் தங்கை.

வாடைக் காலம் வந்ததும் சட்டம் மறுபடி கடலுக்குப் புறப்பட்டது. டெம்போவில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தோம். என் மனைவி ஒரு எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தங்கை முன்னால் வந்து நின்றாள். கையை நீட்டினாள். தங்கையும் சிரிக்காமல் ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து, பழத்தின் எல்லாப் பக்கமும் வைத்துப் பார்த்தாள்.

"ஒட்டல மதினி. கட்டுங்க. ஆனா கம்பி வேண்டாம், நூல்ல கட்டுங்க."

என் மனைவி நூலை எடுத்து வளையத்துக்குக் கீழே பழத்தைக் கட்டினாள். அதே முடிச்சுதான். டெம்போ கிளம்பிப் போன பிறகு வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தேன். லாடம் அதன் இடத்திலேயே இருந்தது.